தையல்காரர் அடைத்த வால்வு

தையல்காரருக்கு ஓட்டை என்றாலே ஆகாது. துணியில் கண்டால் ஒட்டுப் போடுவார். பேச்சில் சற்று இடைவெளி விழுந்தால் அதையும் தானே அடைத்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே குளியலறை ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு, சூடாகும்போதெல்லாம் சொட்டியது.

"அக்கா வீட்டுக்காரரக் கூப்பிடுங்களேன்" என்றாள் மனைவி.

அந்தச் சகலைதான் ஊரிலேயே பேர்போன பிளம்பர். ஆனால் உறவுக்காரர்கள் கூடிய இடத்தில், "குழாய் வேலைன்னா என்ன, நட்டு முடுக்கறதுதானே?" என்று தையல்காரர் திருவாய் மலர்ந்திருந்தார். கூப்பிட்டால் மானம் போகும். எனவே வால்வின் வாயில் டேப்பைச் சுற்றி, மூடி ஒன்றை இறுக்கினார். சொட்டு நின்றது. பட்டன் தைக்க வந்தவர்களுக்கெல்லாம் இச்செய்தி இலவசமாகக் கிடைத்தது.

மறுநாள் மனைவி ஹீட்டரைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். போன வேகத்திலேயே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, உள்ள யாரோ முனகற மாதிரி இருக்கு."

குழாய் மூட்டு ஒன்று சீறியது. தையல்காரர் அவளை வெளியே இழுத்து, சுவிட்சை அணைத்து, மானத்தை விழுங்கிவிட்டுப் போன் செய்தார். முதலில் சகலையின் உடல்நலம் விசாரித்தார்.

"விஷயத்துக்கு வாங்க, சகல."

"அந்த வால்வு... அடைச்சிட்டேன்."

"கரண்ட்ட அணைச்சாச்சா? சமையலறை வெந்நீர்க் குழாய மெல்லத் திறந்து விடுங்க, உள்ள அழுத்தம் குறையட்டும். குளியலறைப் பக்கம் யாரும் போகக் கூடாது. நான் வர்ற வரைக்கும் எதையும் தைக்காதீங்க!"

சகலை வந்தார். ஹீட்டர் தொட்டி ஆறிய பிறகு மூடியைக் கழற்றி, வால்வின் பிடியைத் தூக்கினார். உள்ளே படிந்திருந்த சுண்ணாம்புத் தூளோடு தண்ணீர் பாய்ந்தது. பிடியோ பழையபடி இறங்கி உட்காரவில்லை. வால்வையே மாற்றினார்.

"சூடானா தண்ணி பெருகும், சகல. சாப்பிட்டா இடுப்புல லூஸ் வேணும்னு நீங்கதானே அளவெடுப்பீங்க? இதுக்கும் அப்படித்தான். சூடாகறப்போ ரெண்டு சொட்டு விட்டா கோவிச்சுக்காதீங்க. நிக்காம ஒழுகினா கூப்பிடுங்க. அப்பப்போ பிடியத் தூக்கிப் பாருங்க. வாய மட்டும் அடைக்காதீங்க."

எந்த வாய் என்று மனைவி கேட்கவில்லை. ஹீட்டர் மறுபடி சூடானதும் துண்டைக் கணவரிடம் நீட்டினாள்.

"முதல்ல நீங்க குளிச்சுக் காட்டுங்க."

"நான் காலைலயே குளிச்சிட்டேனே!"

"சுத்தம் கூடினா ஒண்ணும் கெட்டுடாது."

தையல்காரர் போருக்குப் போகிறவர்போல் உள்ளே போனார். கதவைத் தாழிடவில்லை.

"சகல, சொட்டுது!"

"சொட்டட்டும், குளிங்க!"

வெளியே மனைவி சுவரோரம் நின்று, முடிவு தெரியக் காத்திருந்தாள்.