பெடலில் கால் நிற்கட்டும் என்று கேட்டேன்

சபையாருக்கும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் என் வந்தனம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் கால் சுகமாகவில்லை. சுகமான சாட்சியைத் தேடுகிறவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

1986-ல் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்த்தேன். ஒரு நாள் இரும்புத் தகடு ஒன்று சரிந்து என் இடது முழங்காலுக்குக் கீழே விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. நரம்பு கூடவில்லை. பாதம் ஈரத்துணி மாதிரி தொங்கியது, ஊசியால் குத்தினாலும் தெரியாது. இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மனிதன் கைவிட்ட இடத்தில்தானே ஜெபம் ஆரம்பிக்கிறது. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் சபையில் எனக்காக உபவாசம் இருந்தார்கள். எண்ணெய் பூசினார்கள். ஒரு ஞாயிறு என் ஊன்றுகோலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "விசுவாசத்தோட நடங்க பிரதர்" என்றார்கள். நடந்தேன். பாதம் மடங்கி, பெண்கள் பக்கத்துப் பெஞ்சின் மேல் போய் விழுந்தேன். தூக்கிவிட்ட மூப்பர் காதோரம் குனிந்து, "எதையாச்சும் மறைச்சு வெச்சிருக்கீங்களா? அறிக்கை பண்ணிடுங்க" என்றார். கடுகளவு விசுவாசம் போதும் என்பார்கள். அந்தக் கடுகும் என்னிடம் இல்லை என்று எல்லாருமாக முடிவு கட்டிவிட்டார்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது வெளியாட்கள் மட்டும் செய்கிற வேலை அல்ல. என் மனைவி எஸ்தர் அன்று பஸ்ஸில் பூன் லே வீடு வந்து சேரும்வரை என் ஊன்றுகோலைத் தன் மடியிலேயே வைத்திருந்தாள்.

கம்பெனி என்னை வெளியே அனுப்பவில்லை. தீவின் மேற்குக் கோடியில், துவாஸில் இருந்த டூல் ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். ஆனால் ஷிப்ட் ஆட்கள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது ஸ்டோர் திறந்திருக்க வேண்டும். அதனால் அந்த பஸ் எனக்கு உதவாது. வேறு பஸ்ஸில் போனால் இறங்கின இடத்திலிருந்து வெகுதூரம் நடக்க வேண்டும். நடக்கத்தானே முடியாது. மிச்சமிருந்தது சைக்கிள்.

வலது கால் மிதிக்கும், இடது கால் சும்மா சுற்றி வரும் என்று நினைத்தேன். சுற்றி வரவில்லை. பெடலிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. நழுவுகிற ஒவ்வொரு முறையும் பெடல் திரும்பி வந்து கெண்டைக்காலில் அடிக்கும். வலி தெரியாததால் போய்ச் சேர்ந்த பிறகுதான் காலுறை நனைந்திருப்பதைப் பார்ப்பேன். வழியெல்லாம் நின்று நின்று காலை எடுத்து வைத்துப் போனதில் தினமும் தாமதம். சூப்பர்வைசர் ஒரு நாள் கூப்பிட்டு, இப்படியே போனால் வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நொண்டிக் காலோடு எந்த வாசலில் போய் வேலை கேட்பேன்?

பழைய டியூப் ரப்பரை வெட்டி, காலைப் பெடலோடு சேர்த்துக் கட்டினேன். மறுநாள் காலை மழை. துவாஸ் போகிற பெரிய சாலையில் திரும்பும்போது சக்கரம் வழுக்கியது. கட்டிய கால் பெடலை விட்டு வரவில்லை. சைக்கிளோடு சேர்ந்து ரோட்டில் கிடந்தேன். பின்னால் வந்த லாரி பிரேக் போட்ட சத்தம் என் தலைமாட்டில் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் எஸ்தர் அந்த ரப்பரைப் பிடுங்கி, சமையலறைச் சுவரில் இருக்கும் குப்பைத் துவாரத்தில் போட்டாள்.

"வேல போனா போவுது. இனிமே சைக்கிளத் தொட்டீங்க, நான் பிள்ளைங்கள கூட்டிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

அன்று சமையலறையில் உட்கார்ந்து ஜெபித்தேன். அது அழகான ஜெபம் இல்லை. "ஆண்டவரே, சுகம் தர உமக்கு மனசில்லை என்று தெரிந்துவிட்டது. சரி, வேண்டாம். பெடலில் கால் நிற்கட்டும். விழுந்தால் பெடலை விட்டு வரட்டும். அது போதும்" என்றேன். ஆமென்கூடச் சொல்லவில்லை.

துவாஸுக்கு எப்படி வருகிறேன் என்று முன்பே விசாரித்திருந்த ஜமால் அந்த வாரமே ஸ்டோருக்கு வந்தான். கடையநல்லூர்க் குடும்பம், எங்கள் பட்டறையில் வெல்டர். வார இறுதியில் சைக்கிள் பந்தயம் ஓடுகிறவன். ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தான். உள்ளே ஒரு ஜோடி சப்பாத்தும் ஒரு ஜோடி பெடலும். அந்த மாதிரிப் பெடல் அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து வர ஆரம்பித்திருந்தது. காலைக் கட்டுகிற வார் கிடையாது. சப்பாத்தின் அடியில் ஒரு தகடு இருக்கும். பெடல் மேல் வைத்து அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும்.

"எனக்கு இதுல முட்டி வலிக்குதுண்ணே. பழைய வாருக்கே போயிட்டேன். உங்களுக்கு ஆவுதா பாருங்க லா" என்றான்.

நான் என் ஜெபத்தைச் சொன்னேன். அவன் வெட்கப்பட்டான். "அட போங்கண்ணே. வீட்டுல சும்மா கெடந்துச்சு."

சப்பாத்து ஒரு சைஸ் பெரிது. இரண்டு காலுறை போட்டேன். எங்கள் அடுக்குமாடி புளோக் அடியில் தூணைப் பிடித்துக்கொண்டு பழகினேன். என் பாதத்துக்கு உணர்வு கிடையாது, ஆனால் பூட்டும்போது வருகிற சத்தம் காதுக்குக் கேட்டது. பாதம் சொல்பேச்சு கேட்காவிட்டாலும் தொடை கேட்டது. முழங்காலை உள்ளே தள்ளினால் குதிகால் வெளியே திரும்பிக் கழன்றது. கீழ்வீட்டுச் சீனக் கிழவர் பார்த்துக்கொண்டிருக்க, நின்ற இடத்திலேயே மரம் மாதிரி சாய்ந்தும் விழுந்தேன். எஸ்தர் என்னை விழவைத்து விழவைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கால் தனியே வந்த பிறகுதான், "சரி, போங்க" என்றாள். அடுத்த வாரம் ஸ்டோரை நான் நேரத்துக்குத் திறந்தேன். அன்றிலிருந்து வேறு ஆள் போடுவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

சாட்சி சொல்ல வேண்டும் என்று மூப்பரிடம் போனேன். முழுவதும் கேட்டார். "கடையில விக்கிற சாமான் தானே பிரதர். இதுல கர்த்தர் எங்க வந்தாரு? கால் சுகமாகட்டும், அப்புறம் சொல்லுங்க" என்றார். போதாததற்கு, சின்னதாகக் கேட்டது அவிசுவாசம் என்றும் சொல்லி அனுப்பினார். அதனால்தான் இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். சபையில் எனக்காகக் கண்ணீர் விட்டவர்கள் நிறைய. துவாஸுக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டவன், நம் ஆண்டவரை அறியாத ஜமால் ஒருவன்தான். இதை எழுதும்போதும் மனம் கசக்கிறது.

ஆனாலும் நன்றி சொல்கிறேன். என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், வீட்டில் சோறு இருக்கிறது. பெரிய ஜெபத்தைத் தள்ளிவிட்டுச் சின்ன ஜெபத்தை ஆண்டவர் ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. பரலோகத்தில் கேட்பேன். முன்பெல்லாம் சபையில் நாலு பேர் கேட்க உரக்க ஜெபிப்பேன். இப்போது எனக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் கேட்கிறேன்.

உங்களிலும் சுகமாகாதவர்கள் இருப்பீர்கள். சாட்சி நேரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்குத்தான் எழுதுகிறேன். கோபமாக இருந்தால் கோபமாகவே கேளுங்கள். எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. தினமும் காலையில் போகிற வழியெல்லாம் அவரோடு சண்டை போட்டுக்கொண்டுதான் போகிறேன். கேட்க அங்கே யாரும் இல்லை என்று மட்டும் ஒரு நாளும் தோன்றியதில்லை.