மேல் கட்டிலின் நட்டு

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு முதன்முதலில் வந்த அடுக்குக் கட்டில் எங்களுடையதுதான். இருந்தது ஒரே அறை. படுக்க ஐந்து பேர். தாத்தா காலத்தில் தரையில் சாக்கு விரித்தார்களாம். பிறகு பாய். பிறகு ஒரு பலகைக் கட்டில் வந்து பாதி அறையை அடைத்துக்கொள்ள, பிள்ளைகள் அதன் அடியில் படுத்தோம். அப்பா வாலிபத்தில் கொழும்பில் ஒரு அரிசிக் கடையில் வேலைக்கு நின்றவர். அங்கே மூட்டைகளுக்கு மேலே பலகை அடித்துத்தான் தூங்குவாராம். “தரை பத்தலன்னா மேல போக வேண்டியதுதானே” என்று சொல்லி, ஹட்டனில் ஒரு வெல்டிங் கடையில் இரண்டு தட்டுக் கட்டில் செய்யச் சொன்னார்.

அது வாசலுக்குள் நுழையவில்லை. லயமே கூடி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னது. கடைசியில் கழற்றி உள்ளே கொண்டுபோய், மேல்தட்டின் நான்கு மூலையிலும் நட்டுப் போட்டு முடுக்கினார்கள். கீழே நானும் தம்பியும். மேலே அக்கா. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறவளுக்குத் தனி இடம் வேண்டும் என்பது அப்பாவின் தீர்ப்பு.

எனக்குப் பத்து வயது. ஓரிடத்தில் இருப்பு கொள்ளாது. நாளைக்கு இருபது தடவை ஏணியில் ஏறுவேன். இருபது தடவையும் அக்கா இறக்கிவிடுவாள். பழைய சேலையைத் திரையாகக் கட்டி, கூரைத் தகரத்தில் சுண்ணக்கட்டியால் ஏதேதோ சூத்திரம் எழுதி வைத்திருந்தாள்.

அந்த மாதம் அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வேலைக்குப் போகாமல் வாசலிலேயே சாய்ந்து கிடந்தார். ஒரு காலை அக்கா என் காதைத் திருகி இறக்கிவிட்டாள். அவள் முகம் கழுவப் பீலித் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, குறட்டால் ஒரு மூலை நட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

முதல் பாடம்வரை சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாம் பாடத்தில்தான் தம்பி நினைவுக்கு வந்தான். அவன் நாள் முழுக்கக் கீழ்க் கட்டிலில்தான் விளையாடுவான். அதன்பிறகு டீச்சர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. பெஞ்சில் நெளிந்தேன். பென்சிலைக் கடித்தேன். கடைசியில் வயிற்றுவலி என்று சொல்லி வெளியே வந்து, தேயிலைக்கு நடுவே குறுக்கு வழியில் விழுந்தடித்து ஓடினேன். காலில் அட்டை கடித்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

கட்டில் நின்றுகொண்டிருந்தது. தம்பி கீழ்த்தட்டில் உருண்டுகொண்டிருந்தான். நட்டு இல்லாத மூலையை யாரோ கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கொழும்பில் கார்மெண்ட் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அத்தை பலகைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கொழுந்து பறிக்கப் போயிருக்க வேண்டிய அம்மாவும் வீட்டில் இருந்தார். அக்கா மேலேயிருந்து புத்தகங்களை இறக்கிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். “குடு.”

கொடுத்தேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவளோ குறட்டை எடுத்து நட்டைத் தானே முடுக்கினாள். ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள்.

“இனிமே நீயே மேல படுத்துக்க.”

“நெசமாவா?”

“நெசமாத்தான். அந்தத் தகரத்துல எழுதினத மட்டும் அழிச்சிராத.”

அப்பா வாசலில் இருந்தபடியே, “படிக்கிற புள்ளைய…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அத்தை மட்டும், “நான் இருக்கேன்ல, பாத்துக்கிறேன்” என்றார்.

திங்கட்கிழமை அக்கா அத்தையோடு வட்டகொடை ஸ்டேஷனில் கொழும்புக்கு ரயில் ஏறினாள். நான் வழியனுப்பக்கூடப் போகவில்லை. இறங்கினால் தம்பி மேலே ஏறிவிடுவானோ என்று பயம்.

அடுத்த வாரம் போன் பண்ணினாள். தங்கியிருக்கும் இடம் எப்படி என்று அம்மா கேட்டார். “ஒரு ரூம்ல பன்னெண்டு பேரும்மா. மூணு தட்டுக் கட்டிலு. எனக்கு நடுவுல” என்றாள்.

மூன்று தட்டு! என்னுடையதைவிட உயரமான கட்டில் அக்காவுக்குக் கிடைத்துவிட்டதே என்று அன்று முழுக்க எனக்கு ஆற்றாமையாக இருந்தது.