அக்கா பெயரில் பதினோரு போன்

எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முன் மேசை அக்காவுக்கு இல்லை என்று சொல்ல வராது. பேனா கேட்டால் பேனா கொடுப்பாள். ஊசிக்குப் பயந்தால் தன் கையையே கொடுப்பாள். வைஃபை பாஸ்வேர்டும் அப்படித்தான். காத்திருப்பவர்கள், பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், மாடித் தையல்காரம்மா என்று எல்லோருக்கும் போனை வாங்கி அவளே அடித்துக் கொடுப்பாள். நான் அங்கே பெருக்கித் துடைப்பவள். எனக்கும் அவள்தான் போட்டுத் தந்தாள்.

நோயாளிகளின் ரிப்போர்ட்டும் அதே வைஃபையில்தான் போய்வந்தது. வெளியாள் பார்த்துவிடக் கூடாதென்று டாக்டரம்மா நெட்வொர்க் ஆள் ஒருவரை வரவழைத்தார். அவர் பழைய பாஸ்வேர்டை எடுத்துவிட்டு, ஊழியர்களுக்கு மட்டும் ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தார்.

"போற தகவல் எல்லாம் பூட்டுப் போட்டுத்தான் போகும். நடுவுல பிடிச்சாலும் படிக்க முடியாது. ஆனா சாவிய நீங்களே கொடுத்துட்டா பூட்டு என்ன பண்ணும்?"

அக்காதான் எல்லோரையும்விடப் பலமாகத் தலையாட்டினாள்.

மூன்றாம் நாள் நெட்வொர்க் ஆள் மறுபடி வந்து திரையைப் பார்த்தார். "அக்கா, உங்க பேர்ல பதினோரு போன் ஓடுது."

"எங்கிட்ட இருக்கறதே ஒண்ணுதானேப்பா! அதுவும் பாதி நேரம் செத்துக் கெடக்கும்."

டாக்டரம்மா முகம் கடுகடுக்க வெளியே வந்தார். "நல்லா இருக்கு! யாராவது ஒருத்தர் ரிப்போர்ட் வெளிய போயிருந்தா யாரு பதில் சொல்றது? நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

அக்கா தன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினான்கு வருடமாக அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி அது.

யாரிடமும் வாய் திறக்காத நான் மாப்பைச் சுவரில் சாய்த்தேன். "அம்மா, காத்திருக்கறவங்க வீட்டுக்குப் பேசறதுக்குத்தான் கேக்கறாங்க. அவங்களுக்குன்னு தனியா ஒண்ணு இருந்தா அக்கா எதுக்குத் தன்னோடத கொடுக்கப் போறாங்க?"

நெட்வொர்க் ஆள் தலையைச் சொறிந்தார். "அத நான் மொதல்லயே போட்டிருக்கணும். என் தப்புதான் டாக்டர்."

அரை மணி நேரத்தில் வருகிறவர்களுக்கென்று தனி வைஃபை தயாரானது. அதிலிருந்து எங்கள் கம்ப்யூட்டர் எதையும் எட்ட முடியாது.

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுதான் கடைசி. போய் உங்க பாஸ்வேர்ட மாத்துங்க."

அக்கா கீபோர்டின் முன் உட்கார்ந்தாள். ஒரு விரலை நீட்டியவள், சட்டென்று என்னைப் பார்த்தாள். "ஏய், அந்தப் பக்கம் திரும்புடி."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பின்னால் அவள் ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொல்லிக்கொண்டே அடிக்க ஆரம்பித்தாள். நான் காதையும் பொத்திக்கொண்டேன்.