கல் விழாத மொழிபெயர்ப்பு

ஒரு சாம்ராஜ்யத்தைக் காப்பாற்ற நான் முயன்றிருக்கிறேன். அதுவும் கடவுளின் கையிலிருந்து. முட்டாள்தனத்தில் எத்தனையோ ரகம் உண்டு. என்னுடையது அரசாங்கத் தட்டச்சுப்பொறியில், இரண்டு கார்பன் பிரதிகளோடு செய்யப்பட்டது. மறைக்க வழியில்லை, சொல்லிவிடுகிறேன்.

மலாயா சுதந்திரத்துக்கு முந்தின வருஷம் அது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தங்குவதற்கு பெர்மிட் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில், மலாக்கா டவுனில், நான் கிராணி, அதாவது குமாஸ்தா. வீடு காஜா பேராங்கில். காலையில் ஒரு சைக்கிள் சவாரி, மாலையில் ஒரு சைக்கிள் சவாரி, நடுவில் துரையிடம் பயம். அவசரகாலச் சட்டம் இன்னும் தலைக்கு மேலே இருந்தது. யார் யாரைப் பற்றி எங்கே போய்ச் சொல்கிறார்கள் என்று தெரியாது. மூன்று பேர் உட்கார்ந்து காப்பி குடித்தால் ஒருவர் போலீஸின் ஆள் என்பது என் கணக்கு. இரண்டே பேர் என்றால், மற்றவர்.

எங்கள் சின்னத் தமிழ்க் கிறிஸ்தவச் சபைக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓர் உபதேசியார் வந்திருந்தார். பெர்மிட் ஒரு வருஷத்துக்குத்தான். புதன்கிழமை சாயங்காலங்களில் எங்கள் தெருவில் ஒரு வீட்டின் முன்கூடத்தை வாடகைக்கு எடுத்து வேதத்தின் தீர்க்கதரிசனங்களைப் பற்றி வகுப்பு நடத்தினார். வீட்டுக்காரர் மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன்னே வந்து குடியேறிய வம்சம். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய மலாய். தமிழில் சாமி பெயர்களைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று ஊரே சொல்லும். நான் ஊர் சொல்வதை நம்புகிறவன் இல்லை.

உபதேசியார் ஊரிலிருந்தே ஒரு துணிப்படம் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். பாபிலோன் ராஜா கனவில் கண்ட சிலை. தலை பொன், மார்பு வெள்ளி, வயிறு வெண்கலம், கால் இரும்பு, பாதம் மட்டும் பாதி இரும்பு பாதி களிமண். வரைந்தவன் நம்மூர்க்காரன் போலிருக்கிறது, சிலைக்கு முறுக்கு மீசை வைத்துவிட்டான். படத்தை முதல்முறை விரித்தபோது வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். உபதேசியார் பதறிப்போய், தனக்குத் தெரிந்த நாலு மலாய் வார்த்தையில், இது உடையப்போகிற சிலை என்று விளக்கினார். வீட்டுக்காரர் உள்ளே போய், விழாமல் அடித்து மாட்ட ஆணியும் சுத்தியலும் எடுத்துவந்தார்.

வகுப்பு நன்றாகத்தான் போனது. பாபிலோன் போனது, பாரசீகம் போனது, கிரேக்கம் போனது, ரோம் போனது. கடைசியில் மனுஷன் கை படாமல் பெயர்ந்த ஒரு கல் வந்து பாதத்தில் மோத, மொத்தச் சிலையும் தூள். "ஏத்துறவரும் அவருதான், எறக்குறவரும் அவருதான்," என்பார் உபதேசியார். "நடுவுல நிக்கவனுக்குத்தான் தன் காலு கெட்டின்னு நெனப்பு."

அன்றைக்குப் பாதத்தின் பத்து விரல்களும் பத்து ராஜ்யங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு நாக்கு அரித்தது. "ஐயா, நம்ம ஊருக்கே கணக்கு சரியா வருதே! ஒம்பது சுல்தான், லண்டன்ல ஒரு ராணி. ஆக மொத்தம் பத்து."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகுதான் கவனித்தேன், வாசற்படியில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

தமிழ் தெரியாதவர் எதற்குச் சிரிக்கிறார்?

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். "அந்த ஆளுக்குத் தமிழ் தெரியும். வேஷம் போடுறான்."

"எல்லாரும் சிரிச்சா அவரும் சிரிக்கிறார். துரை ஜோக் சொன்னா நீங்க புரிஞ்சா சிரிக்கிறீங்க?"

சந்தேகத்துக்குப் பதில் தேவையில்லை, தீனி போதும். வீட்டுக்காரர் ஆர்க்கிட் செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடி என் சைக்கிளைப் பார்த்தார், குறித்துக்கொண்டேன். வணக்கம் சொன்னார், குறித்துக்கொண்டேன். வாழையிலையில் தேங்காய்ப்பால் சோறும் காரச் சம்பலுமாக நாசி லெமாக் கட்டிக் கொடுத்தனுப்பினார். வாயைப் பிடுங்கத்தான் என்று தொடவில்லை. மனைவி என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, சம்பல் பிரமாதம் என்றாள்.

இரண்டு வாரம் கழித்துத் துரை கூப்பிட்டார். மேசையில் உபதேசியாரின் பெர்மிட் நீட்டிப்பு மனு. அதன்மேல் அவர் அச்சடித்த தமிழ்த் துண்டுப்பிரசுரம். அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"இது உள்ளூரில் விநியோகமாகிறது. என்ன சொல்கிறது என்று எனக்கு இங்கிலீஷில் வேண்டும். நாளைக்கு," என்றார்.

இது எப்படி இங்கே வந்தது? வேறு யார், வீட்டுக்காரர்தான். என் கணக்கு எவ்வளவு துல்லியம் என்று ஒரு நிமிஷம் பெருமைகூடப் பட்டேன். பிறகு பிரசுரத்தைப் படித்தேன்.

நாலு பத்தி வரை பழைய ராஜ்யங்கள். ஐந்தாவதில், இன்று நம்மை ஆளுகிறவர்களின் நாட்களும் எண்ணப்பட்டவை என்று எழுதியிருந்தார். அதோடு நின்றாரா? 'நம் சபைச் சகோதரர் ஒருவர் ஒன்பது சுல்தான்களையும் ஒரு ராணியையும் கூட்டிப் பத்து விரல் என்கிறார். விரல் எண்ணுவது நம் வேலை அல்ல. கல் நம்மிடம் கணக்குக் கேட்டுக்கொண்டு வராது.'

என் ஜோக். அச்சில்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் மனு வந்த விஷயத்தை மட்டும் சொன்னேன். அவள் அடுப்படியில் உபதேசியார் வீட்டுக்கு ரசம் ஊற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். உபதேசியாரின் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். கால் வீங்கி, படுக்கையைவிட்டு இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"என்னங்க, பெர்மிட் இல்லேன்னா?"

"அடுத்த நாகப்பட்டினம் கப்பல்."

"அந்தப் புள்ளத்தாச்சியையா? ஏழு நாள் கடல்லயா?" தூக்குச்சட்டியை ஓங்கி வைத்தாள். "பாத்து எழுதுங்க, சொல்லிட்டேன்."

பார்த்துத்தான் எழுதினேன். நாலு பத்தியை அழகாக மொழிபெயர்த்தேன். ஐந்தாவதை விட்டுவிட்டேன். என் இங்கிலீஷில் சிலை மீசையோடு அப்படியே நின்றது. கல் எங்கிருந்தும் வரவில்லை. எந்த ராஜ்யத்துக்கும் ஒரு கீறல் இல்லை. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினோம் என்ற திருப்தியோடு கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் பத்து மணிக்குத் துரை கூப்பிட்டார். உள்ளே உபதேசியாரும் உட்கார்ந்திருந்தார், மடியில் தொப்பியோடு. துரை பிரசுரத்தையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எண்ணத் தெரியும். இதில் ஐந்து பத்தி. உன்னுடையதில் நான்கு."

நானும் எண்ணுவதுபோல் தாளைக் குனிந்து பார்த்தேன்.

"நீ இவருடைய சபையா?"

"ஆமாம் சார்."

"அப்படியானால் இவர் சொல்லித்தான் மறைத்தாயா? மறைக்கிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? இதற்கு நல்ல பதில் இல்லையென்றால், இந்த மனுவை நான் நிராகரிக்கிறேன். இவர் இந்த மாதமே கப்பலேறலாம்."

உபதேசியார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "எதுக்கு தம்பி விட்டீரு?"

"ஐயா, வீட்டுக்காரர் இதைக் கொண்டுவந்து கொடுத்து..."

"எந்த வீட்டுக்காரரு? என்ன போதிக்கேன்னு மனுவுல கேட்டிருந்தாவ. நான்தான் சேத்துக் குடுத்தேன்."

இரண்டு வாரம் ஜன்னலோரம் நின்று காவல் காத்தது, வணக்கங்களை எண்ணியது, தின்னாமல் விட்ட சம்பல், எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்துபோயின.

"படி," என்றார் துரை. "விட்ட பத்தியை, ஒவ்வொரு வரியாக. இவருக்கு இங்கிலீஷ் தெரியும், தப்பினால் திருத்துவார்."

படித்தேன். ஆளுகிறவர்களின் நாட்கள் எண்ணப்பட்டவை என்றபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா," என்றார் உபதேசியார். சுல்தான்களைச் சொன்னேன். ராணியைச் சொன்னேன். கல்லைச் சொன்னேன்.

துரை அறை மூலையைப் பார்த்தார். அங்கே மூன்று மரப்பெட்டிகள் ஆணியடித்து நின்றன, மேலே அவர் பெயரும் சௌதாம்ப்டன் என்ற இங்கிலாந்து ஊரும் கறுப்பு மையில். அவருக்கும் திரும்பிப் போக உத்தரவு வந்திருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இந்த எண்ணுகிற சகோதரர் யார்?"

பொய் சொல்ல இடம் தேடினேன். உபதேசியார் சொல்லிவிடுவாரோ என்று பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னால் அவர் மனு பிழைக்கும், சொல்லாமல் இருந்தால் என் வேலை பிழைக்கும். படுக்கையில் கால் வீங்கிக் கிடக்கும் பெண் ஒருத்தி நினைவுக்கு வந்தாள். அதைவிட, தூக்குச்சட்டி நினைவுக்கு வந்தது.

"நான்தான் சார். இவர் எதையும் விடச் சொல்லவில்லை. என் பேச்சு அச்சில் இருந்ததால் பயந்து விட்டேன்."

"ராணியை எந்த விரலாக வைத்தாய்?"

"பெருவிரல், சார்."

துரை சிரித்தாரா, செருமினாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். உபதேசியாரைப் பார்த்து, "உங்கள் கல் எப்போது விழும்?" என்றார்.

"நாள் சொல்ல எனக்கு உத்தரவில்லை," என்றார் உபதேசியார் இங்கிலீஷில்.

"எனக்குச் சொல்லியிருக்கிறார்கள், வரும் மார்ச்," என்று துரை முத்திரையை எடுத்து மனுவில் ஓங்கிக் குத்தினார். இன்னும் ஒரு வருஷம். என் பக்கம் திரும்பாமலே, ஐந்தாவது பத்தியை மூன்று பிரதி அடித்து மதியத்துக்குள் கோப்பில் வைக்கச் சொன்னார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் உண்டு. அதையும் நானே தட்டச்சு செய்யவேண்டும்.

உபதேசியாரை வழியனுப்ப வாசல்வரை போனேன். அவர் பெர்மிட்டை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து, தொப்பியைப் போட்டுக்கொண்டார். சும்மா விட்டிருக்கலாம். எனக்குத்தான் நாக்கு அரிக்குமே.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களக் காப்பாத்தணும்னுதான் அந்தப் பத்திய விட்டேன்."

அவர் படியிறங்கியபடியே சொன்னார்:

"என்னைய இல்ல தம்பி, உம்மைய."