உடையார்கட்டு நெல்

காணி கிடைத்து நாங்கள் வடமராட்சியிலிருந்து உடையார்கட்டுக்குக் குடிவந்ததில் என் வீட்டுக்காரரின் தமையனுக்குப் பெருங்கோபம். நாங்கள் வந்த இடத்துக்குப் பெயரே இல்லை என்பதுபோல, யார் கேட்டாலும் "தம்பி காட்டிலை" என்றுதான் சொல்வாராம். கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவரோ வாய் திறக்கமாட்டார்.

இரண்டாம் வருடம் நெல் நன்றாக விளைந்தது. தமையன் வீட்டுக்குச் சில மூட்டைகள் அனுப்பவேண்டும் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். தன்னால் சொல்ல முடியாததை நெல் போய்ச் சொல்லட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறைக்குச் சாமான் ஏற்றும் பாய்மர வத்தை ஒன்று இருந்தது. வண்டிலில் மூட்டைகளைக் கொண்டுபோய்க் கரையில் இறக்கினோம்.

வத்தையை ஓட்டும் தண்டையல் அந்தக் கடற்கரையையே சேர்ந்த, கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரர். மூட்டைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏற்றமாட்டேன் என்றார். சாக்குகளில் தாரால் எங்கள் சொந்த ஊரின் பெயர் எழுதியிருந்தது. குடியேறி வந்த நாங்கள் எல்லோரும் அப்படித்தான். சாக்கானாலும் வண்டிலானாலும் பிறந்த ஊரின் பெயரைத்தான் போடுவோம். தண்டையலின் வழக்கம் வேறு. மூட்டை எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தின் பெயர் அதில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பருத்தித்துறையில் இறக்குகிறவர்கள், இது எங்கே ஏற்றியது என்று அவரைப் பிடித்து உலுப்புவார்களாம்.

"நான் அந்த ஊர் ஆள். என்ரை மூட்டையிலை என்ரை ஊர்ப் பேர்தான் கிடக்கும்" என்றார் இவர்.

தண்டையல் சத்தம் போடவில்லை. "நீங்கள் அந்த ஊர்தான் அண்ணை. நெல்லு இந்த ஊர்" என்றுவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்தார்.

மற்றவர்களின் சாமான்கள் ஏறிவிட்டன. எங்கள் நெல் மட்டும் மணலில் கிடந்தது. சோளகக் காற்று எழும்பினால் பாய் விரித்துவிடுவார்கள். இவர் அசைவதாக இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, அந்தப் பேரோடை போனால் அங்கத்தைச் சந்தையிலை வாங்கி அனுப்பினதெண்டுதான் உங்கடை அண்ணர் நினைப்பர். காட்டிலை விளைஞ்சதெண்டு ஆர் நம்புவினம்?"

என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு போய்த் தண்டையலிடம் தார்ச் சிரட்டையை வாங்கிவந்து, பழைய பெயரின்மேல் பூசி மறைத்து, பக்கத்தில் உடையார்கட்டு என்று எழுதினார். எழுத்தெல்லாம் கோணல். பார்க்கப் பாவமாக இருந்தது.

வெறுஞ்சாக்கைத் திருப்பி அனுப்புவது அந்நாள் முறை. வத்தை திரும்பி வந்தபோது எங்கள் சாக்குகளோடு, பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியல் நிறைந்த புதுச் சாக்கொன்றும் வந்தது. அதன் நடுவில் பெரிதாக, உடையார்கட்டு என்று எழுதியிருந்தது. வேறு யாரையாவது கொண்டு எழுதுவித்திருக்கலாம். ஆனால் அது சிறுவயதில் இவருக்கு ஆனா ஆவன்னா பழக்கிய கையின் எழுத்து.

இவர் மணலில் குந்தியிருந்து அதைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணை எழுதியிருக்கிறார்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒடியல் முடிந்தபிறகும் அந்தச் சாக்கில் நெல் கட்ட இவர் என்னை விடவில்லை.