பதில் மணி

நண்பனின் சைக்கிளில் பிரேக் கட்டை இல்லை என்பது புறப்படும்போதே எனக்குத் தெரியும். யுத்த காலம், மலேயாவிலிருந்து ரப்பர் வருவது நின்றிருந்தது. தேய்ந்த கட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, முன் சக்கரத்தில் செருப்பை அழுத்தியே அவன் வண்டியை நிறுத்துவான். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பலர் அப்படித்தான் ஓட்டினார்கள். எங்கள் பக்கத்தில் ஏரிக்கரையைவிடப் பெரிய இறக்கம் கிடையாது.

நாங்கள் போனது நாகலாபுரம் மலைக்காட்டுக்கு. செங்குன்றம், ஊத்துக்கோட்டை வழியாக ஒரு நாள் மிதி. ராணுவ முகாமில் கழித்துப் போட்ட கித்தான் ஒன்று, அரிசி, வெங்காயம், ஒரு குண்டான். காட்டிலாகாவின் வண்டிப்பாதையில் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டே ஏறினோம். வழியில் காட்டுக் காவலர் ஒருவர் எங்களை நிறுத்தினார்.

"ஏறும்போது தள்ளினீங்க இல்ல, எறங்கும்போதும் தள்ளிகினே போங்க. மூணாவது வளைவு ரொம்ப மோசம்."

அவர் போனதும் நண்பன் என் முதுகில் தட்டினான்.

"எறங்கி நடக்கறதுக்கா மச்சான் சைக்கிள எடுத்துகினு வந்தோம்?"

"உன் வண்டில பிரேக் கீதா?"

"கால் கீது. செருப்பு புச்சு. இன்னா பயம் உனுக்கு?"

சிரித்துவிட்டேன். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

ஓடையோரம் இரண்டு மரங்களுக்கிடையே கித்தானைக் கட்டித் தங்கினோம். மூன்றாம் நாள் காலை புறப்பட வேண்டும். பனி கலையவில்லை, பத்தடிக்கு அப்பால் மரங்கள் தெரியவில்லை. நான் கித்தானை மடித்துக்கொண்டிருந்தேன். "கீழ காவல்காரர் குடிசையாண்ட நிக்கறேன், சீக்கிரம் வா மாமே" என்று சொல்லிவிட்டு அவன் ஏறி மிதித்தான்.

சற்று நேரத்தில் மணிச் சத்தம் கேட்டது. விடாமல் அடித்தான். பனியில் அது எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. இறக்கத்தில் குஷியாகப் போகிறான் என்று நினைத்தேன். கித்தானைக் கீழே வைத்துவிட்டு என் சைக்கிள் மணியை இரண்டு முறை அடித்தேன். அவன் மணி இன்னும் வேகமாகக் கேட்டது. நான் மறுபடி ஒருமுறை அடித்தேன். பிறகு அவன் மணி நின்றது.

அந்தப் பாதையில் வண்டி இல்லை, மாடு இல்லை, ஆள் இல்லை. யாரை விலகச் சொல்லி அடித்தான் என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. ஓடினேன்.

மூன்றாவது வளைவுக்குக் கீழே பாறைகளுக்கு நடுவில் கிடந்தான். உயிர் இல்லை. டயர் பனியில் நனைந்திருந்தது. வலது செருப்பின் அடி நடுவில் வழவழவென்று தேய்ந்திருந்தது.

மேனாம்பேட்டில் அவன் வீட்டில் காரியம் முடிந்த அன்று அவன் அம்மா என்னைத் தனியே அழைத்தார்.

"கத்துனானாப்பா? உன் காதுல உழுந்துதா?"

"கத்தலமா. மணி அடிச்சான்."

"உன்னத்தான் கூப்ட்டுக்கீறான். நீ இன்னா பண்ணே?"

"ஓடுனேமா."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஓடியது உண்மை. அதற்கு முன் நான் பதிலுக்கு மூன்று முறை மணி அடித்ததைச் சொல்லவில்லை.

அதன் பிறகு தெருவில் எந்தச் சைக்கிள் மணி கேட்டாலும் அவர் வாசலுக்கு வந்து பார்ப்பார். அந்தப் பக்கம் போக வேண்டிய நாட்களில் நான் தெருமுனையிலேயே இறங்கிவிடுவேன். மணியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, அவர் வீடு தாண்டும்வரை தள்ளிக்கொண்டே போவேன்.