மெரே அன்ரியின் மேட்டுக்கு வந்த காஸ் குழாய்

அப்புக்காத்துக் கந்தோரிலை டைப் அடிக்கிற வேலை எண்டா, கட்சிக்காரரின்ரை கவலை முழுக்க எங்கடை தலையிலை ஏறும்; சம்பளம் மட்டும் ஏறாது. அந்த வேலை பாத்து முதுகு முறிஞ்ச ஆரும் இதை வாசிச்சா, ஓம் எண்டு தலையாட்டுவீங்கள். தொண்ணூறுகளிலை ஒக்லண்டுக்கு வந்த புதிசிலை, மவுண்ட் ஆல்பர்ட்டிலை ரெயின் ஏறிப் போய், டேவிட் எண்ட வெள்ளைக்கார லோயரிட்டை டைப் அடிச்சன். அப்ப வந்ததுதான் மெரே அன்ரியின்ரை வழக்கு. அவ அந்த நாட்டுப் பூர்வீகச் சனமான மாவோரி. கடலோரத்திலை அவையின்ரை பரம்பரைக் காணி, அதிலை ஒரு மேடு. அந்த மேட்டை வெட்டித்தான் குழாய் பதிப்பன் எண்டு ஒரு காஸ் கொம்பனி ஒற்றைக்காலிலை நிண்டுது. எங்கடை சனத்தை அங்கை புதைச்சிருக்கு, விடமாட்டம் எண்டு அன்ரி ஆக்கள் வழக்குப் போட்டினம்.

பற்றிஸ் தட்டு

வாற ஆக்களுக்கு வாய்க்கு ஏதும் குடுக்காட்டி எனக்குச் சரிவராது. முதல் கூட்டத்துக்குப் பற்றிஸ் பொரிச்சுக் கொண்டு போனன். மேசை நிறைய மேப் விரிச்சுக் கிடந்தது. இடம் இல்லாமல் தட்டை அதுக்கு மேலையே வைச்சன். பாத்தா, சரியா அந்த மேட்டிலை! சனம் எல்லாம் கதிரையைப் பின்னாலை இழுத்தினம். சாப்பாட்டையும் செத்தவையின்ரை இடத்தையும் அவை கிட்டவும் சேக்கமாட்டினமாம். எனக்கு ஆர் சொன்னது? நான் தட்டை எடுக்க முந்தி, அன்ரி எழும்பித் தட்டைத் தூக்கித் தன்ரை மடியிலை வைச்சா.

"செத்த சனத்துக்குப் பசி இல்லைப் பிள்ளை, எனக்குத்தான் பசி."

தொடாத பேனை

கொம்பனி சொன்னது இதுதான்: மேட்டிலை கல்லும் இல்லை, சிலுவையும் இல்லை, வெறும் புல்லு, புதைச்ச இடத்தைக் காட்டுங்கோ பாப்பம். டேவிட் அன்ரியிட்டைப் பேனையை நீட்டி, மேப்பிலை ஒரு புள்ளியாவது போடுங்கோ எண்டு கெஞ்சினார். அவ தொடவே இல்லை. அந்த இடங்களை வெளி ஆக்களுக்குக் காட்டுறது அவையிட்டை முறை இல்லை. காட்டாட்டி வழக்குத் தோக்கும் எண்டு டேவிட் தலையிலை கை வைச்சிட்டார்.

பிறகுதான் அன்ரி சொன்னா, தன்ரை மூத்த பெட்டையும் சின்னனிலை செத்து அங்கைதான் கிடக்கிறாள் எண்டு. நான் டைப் அடிக்கிறதை நிப்பாட்டிப்போட்டன்.

"பேப்பரிலை போட்டா நாளைக்கு ஆரும் போய்த் தோண்டுவினம். அவளை நித்திரையிலை விடுங்கோ."

மேட்டடியிலை குளிப்பு

ஒருநாள் நீதிபதி இடம் பாக்க வந்தார். ரெண்டு பக்கத்து ஆக்களும் மேட்டிலை ஏறி இறங்கினம். காணி வாசலிலை அன்ரி ஆக்கள் ஒரு வாளித் தண்ணி வைச்சிருந்தினம். எனக்கு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. நாங்கள் மன்னார் வேதக்காரர், கிறிஸ்தவ ஆக்கள் எண்டாலும், சவக்காலைக்குப் போய் வந்தா முழுகாமல் வீட்டுப்படி ஏறமாட்டம். கோப்பையாலை அள்ளித் தலையிலை ஊத்தினன். சட்டை, சப்பாத்து எல்லாம் நனைஞ்சு தொப்பை.

தலையைத் துடைச்சுக்கொண்டு பாக்கிறன், கொம்பனிக்குக் காணி அளந்த சேவையர், மேட்டிலை ஒண்டும் இல்லை எண்டு அறிக்கை எழுதின அதே மனுசன், பேசாமல் வந்து கை கழுவி, தலையிலையும் தெளிச்சுக்கொண்டு போறார். டேவிட்டின்ரை கையைப் பிடிச்சு இழுத்துக் காட்டினன். அன்ரிக்கெண்டா என்னைப் பாத்துச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சு.

"கை கழுவினாப் போதும் பிள்ளை, குளிக்கிறதெண்டா கடல் அங்காலை இருக்கு."

சேவையரின்ரை மனிசி

விசாரணையிலை டேவிட் புதைகுழியைப் பற்றி மூச்சே விடேல்லை. மேட்டாலை இறங்கி ஏன் கை கழுவினனீங்கள் எண்டு மட்டும் சேவையரிட்டைக் கேட்டார். நல்ல மனுசன், சத்தியம் பண்ணிப்போட்டுப் பொய் சொல்ல வாய் வரேல்லை. சேவையரின்ரை மனிசி மாவோரி எண்டது அதுவரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

"சவக்காலைக்குப் போய்க் கழுவாமல் வந்தா, என்ரை மனிசி வீட்டுக்கை விடமாட்டா, சேர்."

ரெலிபோனிலை அன்ரி

தீர்ப்பு ஃபக்ஸிலை வந்தது. குழாய் மேட்டைத் தொடக்கூடாது, றோட்டாலை சுத்திப் போகோணும். அன்ரிக்கு ரெலிபோன் எடுத்து, துள்ளிக் குதிப்பா எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். அன்ரி எண்டா, தீர்ப்பை ரெண்டாந்தரமும் வாசிக்கச் சொன்னா.

"அப்ப சரி பிள்ளை. நான் போனா அவளுக்குப் பக்கத்திலை படுக்கலாம்."

வெண்ட வழக்குக்கு மேசையிலை குப்புறக் கிடந்து அழுகிற டைப்பிஸ்ற் கிடைக்கிறதுக்கு, ஒரு கந்தோர் உண்மையிலையே குடுத்து வைச்சிருக்கோணும்.